செத்தவர் சைக்கிளில் வந்த பிறகு என்ன?

ஸ்கெட்ச் என்கிற சின்னப் பகிடி வீடியோ ஒன்றை முழுநீளப் படமாக நீட்டுவது எப்படி என்பதுதான் இங்கே கதை. எங்கள் ஸ்கெட்ச் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. தவம் ஒரு ஓட்டோக்காரன். கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு திருகோணமலைத் தெருக்களில் மரண அறிவித்தல் சொல்லிப் போகிறவன். "உவர்மலையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட கந்தையா சின்னத்துரை அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற…" என்று தொடங்குவான். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு போன் கோல் வரும். கனடா மருமகனுக்குத் தன் பெயர் சகலனின் பெயருக்குப் பின்னால் வந்தது பிடிக்கவில்லை. பிரான்சில் இருக்கிற பெறாமகள் தன் பெயரே இல்லை என்று அழுகிறாள். சுவிஸில் இருந்து ஒருவர் தன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார், தமக்கையின் பெயருக்குப் பக்கத்தில் வருகிறதாம். பட்டியல் நீள நீளத் தவத்துக்கு மூச்சு முட்டும். ஏகாம்பரம் வீதியில் ஒரு கிழவர் வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளை மிதித்து வந்து ஓட்டோவை மறிப்பார். அவர்தான் காலமான சின்னத்துரை. "நான் சாகேல்லையடா" என்று கத்தப்போகிறார் என்று பார்த்தால், "என்ர அக்காவின்ர மருமோனை ஏன்ரா விட்டனீ?" என்பார். அவ்வளவுதான். எட்டு நிமிடம்.

பேஸ்புக்கில் போட்டோம், ஓடியது. செத்தவீட்டுக்குப் போன இடத்திலேயே ஆக்கள் பந்தலுக்குப் பின்னால் நின்று போனில் அதைப் பார்த்துச் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். "இதைப் படமா எடுங்கோவன்" என்று சொல்லாதவர் இல்லை. லண்டனில் இருக்கிற எங்களில் ஒருவனின் சித்தப்பா கொஞ்சக் காசு போடுகிறேன் என்றார். காசு என்ற கதை வந்தவுடன் எல்லாரும் சீரியஸாகிவிட்டார்கள். பகிடி எழுதுகிறவர்களுக்கு அது நல்லதில்லை.

படம் முடிந்து ஊரில் காட்டியும் ஆகிவிட்டது. இப்போது மட்டக்களப்பு, வவுனியாப் பெடியள் சிலர் தங்கள் ஸ்கெட்சுகளைக் கொண்டுவந்து "அண்ணை, இதை நீட்டலாமோ?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருப்பிக் கேட்பது ஒரு கேள்விதான். உன் ஸ்கெட்சின் கடைசிச் சிரிப்பு விழுந்த பிறகு, அடுத்த நாள் காலையில் யாருக்கு என்ன நட்டம்? ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த ஸ்கெட்சை எழுது. எட்டு நிமிடத்தில் நன்றாக இருக்கிற ஒன்றைக் கெடுக்கத் தேவையில்லை.

எங்கள் முதல் வடிவத்தில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். அறிவித்தலில் பெயர் பிழைத்தது பகிடி என்றால் பனரில் படம் மாறுவதும் பகிடி, ஐயர் வீடு மாறிப் போவதும் பகிடி, பறைமேளக்காரர் கலியாண வீட்டுக்குள் போய் நிற்பதும் பகிடி. இப்படிச் சேர்த்துச் சேர்த்து நூறு பக்கம் வந்துவிட்டது. பாலையூற்றில் நண்பனொருவன் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து, ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்தோம். தொடக்கத்தில் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு. கொஞ்சம் போக ஆக்கள் புன்னகைத்தார்கள். இன்னும் கொஞ்சம் போக ஒருவன் போனை எடுத்தான். பறைமேளம் கலியாண வீட்டுக்குள் போகிற இடம் எங்களுக்கு மிகப் பிடித்த இடம், அது வந்தபோது நண்பனின் அம்மா, "பிளேன்ரீ ஊத்தட்டோ, இல்லாட்டி முடியட்டோ?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அந்தக் கேள்விதான் பெரிய சிரிப்பு வாங்கியது.

அன்றிரவு காட்சிகளைத் துண்டுத் துண்டு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். எந்த அட்டையைக் கழற்றினாலும் மற்ற அட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐயர் காட்சியைப் பறைமேளத்துக்கு முன்னால் வைத்தாலும் சரி, பின்னால் வைத்தாலும் சரி. ஒரு பகிடி நடந்து முடிந்ததும் எல்லாரும் பழையபடி நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஸ்கெட்சுக்கு அது வசதி, ஒவ்வொரு கிழமையும் அதே ஆளை வைத்துப் புதிதாகத் தொடங்கலாம். படத்தில் பார்க்கிறவன் அடுத்தது என்ன என்று கேட்கிறான், நாங்களோ இன்னொன்று என்று நீட்டுகிறோம். சவுத் பார்க் கார்ட்டூனை எழுதுகிற ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் மாணவர்களுக்குச் சொன்ன ஒரு கணக்கு இருக்கிறது: இரண்டு காட்சிக்கு நடுவில் 'பிறகு' என்று வந்தால் கதை இல்லை, 'அதனால்' அல்லது 'ஆனால்' என்று வரவேண்டும். எங்கள் சுவரில் முழுக்கப் 'பிறகு'தான்.

வெளியில் எடுத்த படங்களைப் பார்த்தாலும் இதே கதைதான். மொன்டி பைத்தன் என்ற பிரித்தானிய நகைச்சுவைக் குழு 1971இல் தங்கள் தொலைக்காட்சி ஸ்கெட்சுகளையே திரும்ப எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் படமாக விட்டது. துண்டு துண்டாகப் பார்த்தால் அருமை, ஒரே இருப்பில் பார்த்தால் அலுக்கும். 1975இல் வந்த அவர்களுடைய ஹோலி கிரெயில் படத்திலும் ஸ்கெட்சுகள்தான் நிறைய. ஆனால் அரசனும் ஆட்களும் ஒரு கிண்ணத்தைத் தேடிப் போகிறார்கள் என்ற ஒற்றை வரி எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவதால் நாங்களும் கூடப் போகிறோம். குதிரைக்குக் காசு இல்லாமல் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக்கொண்டு நடந்தார்களே, அதுவும் அந்தப் படத்தில்தான். அந்தச் சிரட்டையிடம் பின்னால் திரும்பி வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1976இல் வந்த 'கோமாளிகள்', இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஓடிய நாடகத்திலிருந்து பிறந்தது. மரிக்காராக எஸ். ராம்தாஸ், உபாலியாக எஸ். செல்வசேகரன், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத். நாலு பேர், நாலு விதப் பேச்சு. வானொலியில் கிழமைக்குக் கிழமை கேட்டுப் பழகிய ஆட்கள் என்பதால், படத்துக்குப் போகிறவனுக்கு அவர்கள் ஏற்கெனவே சொந்தக்காரர் மாதிரி. ஒரே ஒரு ஸ்கெட்சை வைத்துக்கொண்டு படத்துக்கு ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஆளை முதலில் பழக்கு. தவத்தை வைத்து இன்னும் இரண்டு மூன்று சின்ன வீடியோ விட்டுப் பார்த்தபிறகுதான் அவன் எதற்கு எரிச்சல்படுவான், எதற்கு இளகுவான் என்பது எங்களுக்கே பிடிபட்டது.

திரும்பக் கிழவரிடம் வருகிறேன். ஸ்கெட்ச் முடிகிற இடத்தில் அவர் சைக்கிளோடு நிற்கிறார். அதற்குப் பிறகு என்ன? உயிரோடு இருக்கிற மனிதன் தன் செத்தவீட்டை ஒளிந்து நின்று பார்ப்பது பழைய கதை, எத்தனையோ மொழியில் வந்துவிட்டது. அதை எடுக்க எங்களில் ஒருவருக்கும் மனம் இல்லை. அவராக நடித்தவர் (ஓய்வுபெற்ற வாத்தியார், கோயில் நாடகங்களில் பழகியவர்) ஒருநாள் சும்மா கதைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "நான் உண்மையாச் செத்தாத்தான்ரா என்ர மோன் வருவான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. படம் அந்த இடத்தில்தான் கிடைத்தது. இப்போது அந்தக் காட்சி இப்படிப் போகிறது:

சின்னத்துரை: தம்பி, இதைத் திருத்திச் சொல்லாதை.

தவம்: ஐயா, நீங்கள் உயிரோட இருக்கிறியள்.

சின்னத்துரை: அது எனக்குத் தெரியும். மோனுக்குத் தெரியவேண்டாம்.

தவம்: ஐயா…

சின்னத்துரை: இவ்வளவு காலமும் அடுத்த வரியம் வாறன் எண்டவன், இப்ப ரிக்கெட் போட்டிட்டானாம். அவன் வந்து இறங்குமட்டும் நான் செத்தே இருக்கிறன்.

ஸ்கெட்சில் கிழவர் ஓட்டோவை மறிக்கிற இந்த இடம்தான் முடிவு. படத்தில் இதைக் கொண்டுபோய் முதல் கால்வாசி முடிகிற இடத்தில் வைத்தோம். எட்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் மூடிவைத்த சிரிப்பு இங்கே எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. நீட்டுகிற வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய வித்தை இதுதான்: உன் ஸ்கெட்சின் கடைசி வரியை எடுத்து, அதைக் காரணமாக்கு. அதைக் கடைசிக்காட்சியாக வைத்திருக்க ஆசைப்பட்டால் அதற்கு முன்னால் எண்பது நிமிடம் சவ்வு இழுக்கவேண்டிவரும்.

காரணம் கிடைத்துவிட்டால் மணிக்கூடும் தேவை. மகன் ரொறன்ரோவில் இருந்து வருகிறான். கட்டுநாயக்காவில் இறங்கி வான் வண்டியில் திருகோணமலைக்கு வர ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும். வானில் இருந்து கோல் வந்துகொண்டே இருக்கும்: "தம்புள்ளையில ரீ குடிக்கிறம்", "ஹபரணை தாண்டிட்டம்", "கந்தளாய்க்குக் கிட்ட." இந்த மூன்று ஊர்ப் பெயரைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்று தெரியும், திரையில் நேரம் போடத் தேவையில்லை. ஊரில் காட்டியபோது "கந்தளாய்" என்ற சொல்லுக்கே ஹோலில் ஒரு கலகலப்பு. உங்கள் ஊருக்கு வருகிற பாதையில் இப்படி ஒரு மணிக்கூடு கட்டாயம் இருக்கும்.

ஆனால் இது கிழவரின் தேவை. தவத்துக்கு என்ன? இரண்டாவது வடிவத்தில் தவம் சும்மா உதவி செய்கிற நல்லவனாக இருந்தான், வாசிக்கும்போது ஆள் காற்றில் மிதந்தான். அவனுக்கு ஓட்டோ லீசிங் கட்ட இரண்டு மாதம் பிந்திவிட்டது, வெள்ளிக்கிழமை கட்டாவிட்டால் வண்டியைத் தூக்குவார்கள் என்று வைத்தோம். அறிவித்தலுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டான். திருத்திச் சொன்னால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், திருத்தாமல் விட்டால் இன்னொரு வீட்டுக்குப் பதில் சொல்லவேண்டும். அந்த இன்னொரு வீடுதான் எங்களுக்குக் கடைசியாகக் கிடைத்தது.

ஸ்கெட்ச் பார்க்கிற ஒருவரும் கேட்காத கேள்வி: அப்படியென்றால் உண்மையில் செத்தது யார்? எட்டு நிமிடத்தில் அதைக் கேட்க நேரம் இல்லை. படத்தில் கால்மணித்தியாலம் தாண்டினால் பார்க்கிறவனின் மூளை வேலை செய்யத் தொடங்கிவிடும். உவர்மலைச் சின்னத்துரையின் உறவுப் பட்டியல் தவத்தின் கையில் எப்படி வந்தது? பிழையான ஆளுக்கு எப்படிச் சரியான மருமக்கள்? மொட்டைமாடியில் ஒரு தங்கச்சி இதைக் கேட்டபோது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. விடை தேடப்போய்க் கிடைத்ததுதான் சி.ஆர். கொப்பி என்கிற தடித்த நோட்டுப்புத்தகம். ஊரில் வயதுபோன எல்லாருடைய பிள்ளைகள், மருமக்கள், சகலன், சம்பந்தி விபரத்தையும் தவம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறான். "ஐயா சுகமோ?" என்று வீட்டுப் படலையில் நின்று கேட்பான், கேட்டுக்கொண்டே கடைசி மகள் எந்த நாட்டில் என்று குறித்துக்கொள்வான். ஓட்டை அடைக்க எழுதிய இந்தக் கொப்பி படம் முழுக்கச் சிரிப்பு வாங்கியது, தவம் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் அதுவே சொல்லிவிட்டது. ஓட்டையைக் கண்டால் சந்தோசப்படுங்கள். வசனம் போட்டு மூடாதீர்கள், அதற்குள் ஆள் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

அந்தக் கொப்பியில் 'க. சின்னத்துரை' என்று இரண்டு பேர். உண்மையில் காலமானவர் திருக்கடலூரில் கடல்தொழில் செய்தவர். அவருடைய வீட்டார் காசு கொடுத்த அறிவித்தல் ஊர் முழுக்க வேறொருவரின் பெயரில் போய்விட்டது. மூன்று மணிக்குப் பிரேதம் எடுக்கவேண்டிய வீட்டில் ஆட்கள் இல்லை.

இந்த இடத்தில்தான் அந்தச் சிரட்டை, காசு இல்லாததையே காட்சியாக்குகிற வேலை. இருநூறு பேர் நிற்கிற செத்தவீடு ஒன்றை எடுக்க எங்களிடம் காசு இல்லை. ஆக்களைச் சும்மா கூப்பிட்டாலும் சாப்பாடு போடவேண்டும். ஆட்கள் வராத செத்தவீடு என்றால் ஏழெட்டுக் கதிரையும் நாலைந்து பேரும் போதும். தவம் உள்ளே வருகிறான், அடுக்கி வைத்தபடியே இருக்கிற பிளாஸ்ரிக் கதிரைகளைப் பார்க்கிறான், வெளியே போய் ஓட்டோவின் மைக்கைக் கையில் எடுக்கிறான், பற்றரி இறங்கிவிட்டது. அப்படியே தெருவில் நின்று வெறும் தொண்டையில் அறிவிக்கிறான். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று அதே மாதிரிப் பட்டியல். ஆட்களின் பெயரைத் தவிர, படத்தின் முதற்பாதியில் சிரிக்கவைத்த அதே வசனங்கள் ஒன்றுகூட மாறவில்லை. தெருவில் ஒரு படலை திறக்கிறது, பிறகு இன்னொன்று.

சிரிப்புப் படத்தில் ஒரு இடமாவது சிரிக்காமல் இருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கே வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. என் கணக்கு, அதுவரை எதை வைத்துச் சிரிக்கவைத்தாயோ அதையே திருப்பி வைக்கிற இடத்தில். அம்மாவுக்கு வருத்தம், காதலி விட்டுப்போனாள் என்று வெளியில் இருந்து சோகத்தை இறக்குமதி செய்தால் ஆக்கள் கன்ரீன் பக்கம் போவார்கள்.

மிஸ்டர் பீன் படத்தை (1997) இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தேன். தொலைக்காட்சியில் பீன் யாருக்கும் கடமைப்படாத தனி ஆள், எதையும் உடைத்துவிட்டுப் போய்விடுவார். பீனை மாற்றினால் பீன் இல்லை. அதனால் படத்தில் அவரை லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஓவியக் காட்சிக்கூடக்காரரின் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பீன் உடைக்க உடைக்க அந்த மனிதனுக்கு வேலையும் போகப்பார்க்கிறது, பெண்சாதியும் பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போகிறார்கள். ஸ்கெட்ச் ஆள் மாறமாட்டான் என்றால் அவனுக்குப் பக்கத்தில் மாறக்கூடிய ஒருவனை நிறுத்து. எங்கள் படத்தில் கிழவர் கடைசிவரை மாறுவதில்லை, அக்காவின் மருமகனுக்காக அடிபட்டுக்கொண்டே இருப்பார். மாறுவது தவம்.

தமிழ்ப் படத்தில் கேட்டால் ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி'யைச் சொல்வேன். அவர் அதே பெயரில் எடுத்த குறும்படத்திலிருந்து 2014இல் படமாக வந்தது. போட்டோ எடுத்தால் சாவு என்று ஒரு ஆள் நம்பினால் அது ஸ்கெட்ச். ஊரே நம்பினால் படம் தாங்கும், ஏனென்றால் யாரைச் சந்தித்தாலும் அந்த நம்பிக்கை குறுக்கே நிற்கும்.

பேச்சு வழக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். திருகோணமலையில் படம் எடுத்தால் மூன்று இனத்தாரும் வராமல் படம் இல்லை. தவத்துக்கு அம்ப்ளிபயர் வாடகைக்குக் கொடுக்கிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா. முதல் வடிவத்தில் அவர் வாயைத் திறந்தால் பகிடி என்று எழுதியிருந்தது. அந்தப் பாத்திரத்துக்கு வந்தவர் இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, "தம்பி, நாங்க இப்படிக் கதைக்கிறல்ல. இது நீங்க நாங்க கதைக்கிறதா நினைச்சுக் கதைக்கிறது" என்றார். அவரையே வசனத்தைத் திருத்தச் சொன்னோம். ஒருவருடைய பேச்சின் ஓசையை வைத்து ஒரு நிமிடம் சிரிக்கவைக்கலாம், அரைமணித்தியாலம் போனால் அது கேலி. நானாவுக்கும் ஒரு தேவை கொடுத்தோம்: அன்றைக்கே அம்ப்ளிபயர் திரும்ப வேண்டும், அவருடைய ஊரில் கலியாணம். அதுக்குப் பிறகு அவர் சாதாரணமாகக் கதைத்தாலே ஆக்கள் சிரித்தார்கள்.

நீளத்தைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. இரண்டரை மணித்தியாலம் ஓடினால்தான் படம் என்பது நாங்கள் பார்த்து வளர்ந்த பழக்கம். ஒஸ்கார் கொடுக்கிற அமெரிக்க அக்கடமி 40 நிமிடத்துக்கு மேல் ஓடுகிற எதையும் முழுநீளப் படமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. உன் கதைக்கு 60 நிமிடம்தான் பலம் என்றால் 60இலேயே நிறுத்து. திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற ஹொலிவூட்காரரின் கணக்கையும் நம்பவேண்டாம், அது அவர்களுடைய எழுத்துக்கும் அவர்களுடைய தாள் அமைப்புக்கும் போட்ட கணக்கு. மரண அறிவித்தல் ஒன்று தாளில் அரைப் பக்கம், தவம் இழுத்து வாசித்தால் இரண்டு நிமிடம். போனில் ஸ்டொப்வொட்ச் போட்டு வாசித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

படப்பிடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, இந்த ஊர்க்காரருக்கு உதவுகிற சிலதை மட்டும் எழுதுகிறேன். ஒக்ரோபரில் மழை தொடங்கிவிடும், தை மாதம் வரை வெளிக்காட்சியை நம்பக்கூடாது. ஆடி மாதத்தில் வெளிச்சம் நல்லது, கச்சான் காற்று மைக்கைத் தின்றுவிடும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதைதானே என்று கமராவைத் தூக்கிக்கொண்டு போகாமல் முதலே அனுமதி எடுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். மான்கள் வேறு. டவுனுக்குள் சும்மா திரிகிற புள்ளிமான்கள் ஒரு ஷொட்டில் நிற்கும், அதே காட்சியின் அடுத்த ஷொட்டில் நிற்காது. நாங்கள் கடைசியில் ஒரு மானைப் பார்த்துத் தவம் அறிவிப்பதாக எழுதிச் சமாளித்தோம், நன்றாகவே வந்தது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்திருந்தோம், ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அன்புவழிபுரத்தில் முதல் நாள் ஸ்பீக்கரை உண்மையாகவே போட்டு எடுத்தோம். ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "எந்தச் சின்னத்துரை, மோனை?" படம் எடுக்கிறோம், ஒருவரும் சாகவில்லை என்று விளங்கப்படுத்தினோம். அவர் கமராவைப் பார்த்தார், ஓட்டோவைப் பார்த்தார். "அப்ப ஒருத்தரும் சாகேல்லையோ?" என்று கேட்ட குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன். அவரிடம் கேட்டு அந்த வசனத்தை அப்படியே படத்தில் சேர்த்தோம். அதற்குப் பிறகு தெருவில் ஸ்பீக்கர் போடவில்லை. நடிகர் வாயை அசைத்துச் சின்னக் குரலில் சொல்வார். குழாய் ஸ்பீக்கரில் வருகிற அந்தக் கீச்சுச் சத்தத்தை நிலாவெளிப் பக்கம் ஒரு வெறுங்காணியில் தனியாகப் பதிந்து எடிட்டிங்கில் ஒட்டினோம். செத்தவீடு, நெருப்பு, பொலிஸ் என்று எதை நடித்தாலும் அக்கம்பக்கத்துக்கு முதலே சொல்லிவைப்பது நல்லது.

எடிட்டிங்கில் போன் ஸ்கெட்சுக்கும் படத்துக்கும் இருக்கிற வித்தியாசம் ஒன்று பிடிபட்டது. போனில் பார்க்கிறவன் தனியாகப் பார்க்கிறான், மூக்கால் ஒரு காற்று விடுவான், அவ்வளவுதான். அதனால் ஸ்கெட்சில் வசனத்துக்கு மேல் வசனம் அடுக்கலாம். ஹோலில் நூறு பேர் சேர்ந்து சிரித்தால் அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்காது. முதலில் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது "மோனுக்குத் தெரியவேண்டாம்" என்பதற்கு வந்த சிரிப்பில், அடுத்து வருகிற ரிக்கெட் வசனம் அடிபட்டுப்போனது. ரிக்கெட் கேட்காவிட்டால் முழுப்படமும் விளங்காது. தவம் "ஐயா…" என்று இழுப்பதும், கிழவர் சைக்கிளை ஸ்டாண்டில் போடுவதும் அந்த இடைவெளிக்காகச் சேர்த்தவை. நல்ல சிரிப்பு விழுகிற இடத்துக்குப் பின்னால் முக்கியமான தகவலை வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால் நடுவில் யாராவது ஒரு கதிரையை இழுத்துப் போடட்டும்.

முதல் வெட்டு 112 நிமிடம், கடைசியாக நின்றது 94. போன 18 நிமிடத்தில் பெரும்பகுதி நல்ல பகிடி. ஐயர் வீடு மாறிப் போகிற காட்சிக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்தது, ஆனால் அது ஓடுகிற நாலு நிமிடமும் வான் ஹபரணையிலேயே நின்றது. பார்க்கிறவன் மகனை மறந்துவிடுவான், பிறகு அவனை நினைவுபடுத்த இன்னொரு கோல் காட்சி எழுதவேண்டும். எடுத்துவிட்டோம். ஐயராக நடித்தவர் கொஞ்ச நாள் எங்களோடு கதைக்கவில்லை.

வெட்டியதை எறியவில்லை. ஐயர் காட்சியும் பறைமேளக் காட்சியும் தனித்தனி ஸ்கெட்சாக, படம் காட்டுவதற்கு முதல் கிழமைகளில் ஒன்றொன்றாக வெளியே போயின. மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்று அவற்றுக்கு அளவான உடுப்பு. ஐயர் வீடியோ பழைய சைக்கிள் ஸ்கெட்சைவிட அதிகமாக ஓடிவிட்டது. இப்போது ஐயர் கோல் எடுத்து, இதைப் படமாக எடுக்கலாமே என்கிறார். அந்தக் காட்சிக்கு அடுத்த நாள் காலையில் யாருக்கு என்ன நட்டம் என்று யோசித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.